கருவியையும் நாமே செய்வோம்

மாதிரி இரயில் வண்டி செய்வதை வெறும் பொழுதுபோக்கு என்று பலர் கருதுகின்றனர். அதனுள் கணிதம், வரலாறு, கைத்தொழில் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக் கண்காட்சிக்கென அட்டையாலும் மூங்கிலாலும் மாணவர் இத்தகைய மாதிரிகளைச் செய்யும்பொழுது ஒரு வினா எழுகின்றது. நுண்ணிய வேலைக்குரிய கருவிகளைக் கடையில் வாங்கிக் கொடுப்பதா, அன்றி அவற்றையும் மாணவரே செய்துகொள்வதா? மாணவரே செய்துகொள்ளுதல் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

இரயில் நமக்கு அந்நியமான பொருளன்று. இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே அதன் முதன்மை நோக்கம். பின்னர் நாடெங்கும் பாதை நீண்டபொழுது, கல் உடைத்தும் கட்டை சுமந்தும் தண்டவாளம் பதித்தும் உழைத்தோருள் நம் முன்னோர் மிகப் பலர். செந்தூல் இரயில்வே பட்டறையிலும் தமிழர் கை பட்ட இரும்பு ஏராளம்.

இன்று கோலா செபெத்தாங் என வழங்கும் போர்ட் வெல்டில் தண்டவாளமும் இல்லை, நிலையமும் இல்லை. பழைய பெயர்ப்பலகை நிற்கின்றது. ரோமன், ஜாவி, சீனம் ஆகிய எழுத்துகளுடன் தமிழ் எழுத்தும் அப்பலகையில் இடம் பெற்றுள்ளது. நம் மாணவர் செய்யும் நிலையத்தில் அந்தத் தமிழ் எழுத்து இருக்க வேண்டுமா, வேண்டாவா? கடையில் விற்கும் அயல்நாட்டு மாதிரி நிலையத்தில் அது இராது. பாதையின் அகலம்கூட வேறு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர்ப் பாதை. அது 1435 மில்லிமீட்டர் அகலப் பாதையை 87இல் ஒரு பங்காகக் குறுக்கியது. நம் நாட்டுப் பாதையின் அகலமோ ஒரு மீட்டர். 50இல் ஒரு பங்கு என்று கொண்டால், சரியாக 20 மில்லிமீட்டர் வரும். நான்காம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. ஆகவே நமக்குரிய மாதிரியை நாமே செய்தாக வேண்டும்; அதற்குரிய கருவியையும் நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தையல் ஊசியின் காது முனையைச் சிறிது நறுக்கிவிட்டால், அது இரு பல் கொண்ட சிறு கவையாகிவிடும். கூர்முனையை மூங்கில் குச்சிக்குள் செருகிவிட்டால் கைப்பிடியும் அமைந்துவிடும். அக்கவை பசையில் ஒரு சிறு துளியை மட்டும் ஏந்தி வரும். பசை வழிந்து வேலை கெடுவது இதனால் நின்றுவிடும். பனிக்கூழ்க் குச்சியில் உப்புத்தாளை ஒட்டினால், விரல் நுழையாத மூலையையும் தேய்க்கும் அரம் கிடைத்துவிடும். பழைய தூரிகையின் மயிர்களை வெட்டி ஐந்தாறு மட்டும் விட்டுவைத்தால், பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தின் சுழியை எழுதலாம். பலகையில் ஒரு சாண் உயரமுள்ள எழுத்து, மாதிரியில் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர்தான் இருக்கும்!

பழைய நீராவி இயந்திரத்தின் நீர்த்தொட்டியில் வரிசை வரிசையாகக் காணப்படும் ரிவெட் ஆணிகளின் தலைகளை எவ்வாறு காட்டுவது? மை தீர்ந்த பந்துமுனைப் பேனா போதும். மெல்லிய அலுமினியத் தாளை ரப்பர் விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்துப் பின்புறம் அழுத்தினால், முன்புறம் சிறு குமிழ் எழும். குமிழ்கள் சம இடைவெளியில் அமைய வேண்டுமெனில், பழுதான கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்றைப் பிளந்த மூங்கிலில் பொருத்தி, அளவுகோலை ஒட்டி உருட்டுதல் வேண்டும். வரிசை நேராக வந்துவிடும். ஊசியை நறுக்குவது, தகட்டை வெட்டுவது போன்ற வேலைகளை மட்டும் ஆசிரியர் தம் கையாலேயே செய்தல் வேண்டும்.

"இவையெல்லாம் மலிவாக விற்கின்றனவே, ஏன் வீண் சிரமம்?" என்று கேட்போர் உளர். வாங்கிய கருவி ஒரு வேலையை முடித்துத் தரும். செய்த கருவியோ, வேலையையே கற்றுத் தரும். எவ்வளவு சிறிய துளி வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முதலில் எண்ணிப் பாராதவனால் கருவி செய்ய இயலாது. வேலையில் பிழை நேர்ந்தால், பொருளைத் தூக்கியெறியாமல் கருவியைத் திருத்தவும் அவன் கற்றுக்கொள்கிறான். தான் செய்த கருவியை அடுத்த ஆண்டு இளைய மாணவனிடம் ஒப்படைக்கும்பொழுது அவன் ஆசானும் ஆகிவிடுகிறான்.

"பாடம் படிக்கும் நேரத்தில் இது எதற்கு?" என்று வினவும் பெற்றோரும் உளர். அவர்தம் கவலை நமக்குப் புரியாததன்று; தோட்டத்தை விட்டு முன்னேறப் படிப்பு ஒன்றே ஏணி என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்புகின்றவர்கள் அவர்கள். ஆயினும் யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்ட பின்னரும், எத்தனை 'ஏ' என்ற கணக்கு மட்டும் நம் மனத்தைவிட்டு நீங்கவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என ஒரு பாடமே இருந்தும், ஆயத்தப் பெட்டியைப் பிரித்து ஒட்டுவதோடு அதனை முடித்துவிட்டால், மாணவன் பெற்ற பயன் யாது? உளியும் அரமும் ஏந்தி வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் கண்ணாடித் திரையைத் தடவ மட்டுமே விரலைப் பழக்கினால், அது முன்னேற்றமாகாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த கடிகாரம், மை தீர்ந்த பேனா, கிழிந்த குடையின் கம்பி ஆகியவற்றைக் குப்பையில் எறியாதீர்கள், பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். தாத்தா பாட்டியருள் இரயில்வேயில் உழைத்தவர் எவரேனும் இருப்பின், அவர்களைப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். எந்தக் கட்டை எங்கே இருந்தது, எந்த விளக்கு எந்நிறத்தில் எரிந்தது என்னும் நுட்பங்களை அவர்களே அறிவர். அவர்கள் மறைந்தால் அந்நுட்பங்களும் மறையும்.

மாணவச் செல்வங்களே! சிறிய பொருளைச் செம்மையாகச் செய்யப் பழகுங்கள். பிறர் விட்டுவிடும் சிற்றெழுத்தை நீங்கள் விடாது எழுதுங்கள். அவ்வெழுத்து நம்முடையது.