காதில் விட்ட எண்ணெய்

மேட்டூர் அணை 120 அடி நிரம்பி மிஞ்சினால் 16 கண் மதகைத் திறப்பார்கள். என் இடது காதிலோ அணை வறண்ட நாளிலும் அந்த இரைச்சல் ஓய்வதில்லை. நடுநடுவே காதும் அடைத்துக்கொள்ளும்.

வந்தவர் போனவரெல்லாம் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "காய்ச்சின எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள், ஸார்!"

கோளாறு உட்செவியிலும் இருக்கலாம் என்று பாரிஸ் வைத்தியர் மெனியேர் 1861லேயே சொல்லிவிட்டார். செவிப்பறை குறுக்கே நிற்க, எண்ணெய் எப்படி ஐயா அங்கே போகும்? பறை ஓட்டையானாலும் நடுச்செவி வரைதான் போகும். சீழையும் கூட்டி வரும். அந்த ஓட்டையைப் போடத்தான் ஊக்கும் கோழி இறகும்!

பல் வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். காதுக்கு மட்டும், "இன்னொன்று இருக்கிறதே" என்ற ஆறுதல். ஒரு காது திடீரென்று மந்தித்தால் அன்றே காட்ட வேண்டும். நாள் கடத்தினால் போனது திரும்பாமலே போகலாம். அணைக்கு 16 கண். மனிதனுக்குக் காது இரண்டே.