குரூப் எடுக்குமுன் கேளுங்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும், பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வருவோர் பலர். "சாமி, பிள்ளையை நர்சிங் சேர்க்க வேண்டும்" என்பர். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தால், வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கும்; அல்லது கணினி அறிவியல் இருக்கும், உயிரியல் இராது. மதிப்பெண்களோ மிக நன்று. ஆயினும் செவிலியர் பட்டப் படிப்பின் வாசல் அப்பிள்ளைக்கு ஈராண்டுகளுக்கு முன்பே, பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே, அடைபட்டுவிட்டது. எந்தக் கடிதமும் இல்லாத உயிரியலை ஈடுசெய்யாது.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள விதி இது: நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பில் சேர, மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்து, இவற்றில் மொத்தமாக 45 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40 விழுக்காடு போதும். ஆங்கிலத்திலும் தேறியிருத்தல் வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல்நலச் சான்றும் தேவை.

"நோயாளியைப் பரிவுடன் கவனிக்க வேதியியல் எதற்கு?" என்று சிலர் வினவுகின்றனர். பரிவு வேண்டும், அது மட்டும் போதாது. முதல் பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் தொடங்கிவிடும். அடுத்து உயிர்வேதியியல், பின்னர் நுண்ணுயிரியல், மருந்தியல் எனத் தொடரும். மருத்துவர் 250 மில்லிகிராம் மருந்து எழுதுகிறார். குப்பியிலோ 5 மில்லியில் 500 மில்லிகிராம் உள்ளது. ஊசியில் எடுக்க வேண்டியது 2.5 மில்லி. நள்ளிரவில், தூக்கக் கலக்கத்திலும் இக்கணக்கு பிழைபடலாகாது. பிழைத்தால் வருந்துவது கட்டிலில் கிடப்பவர். விதியின் கடுமைக்குக் காரணம் இதுவே.

அறிவியல் பிரிவு எடுக்காதோர் மனம் தளர வேண்டியதில்லை. மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்புக்கு அறிவியல் பிரிவினர் விரும்பப்படினும், பிற பிரிவினரும் 40 விழுக்காடு பெற்று, ஆங்கிலத்தில் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். அதனை முடித்து, செவிலியராகப் பதிவு செய்துகொண்டவர் மேலும் இரண்டாண்டு பயின்று பட்டமும் பெறலாம். வழி சற்று நீளம், சேருமிடம் ஒன்றே. பையன்களுக்கும் இப்படிப்பு உரியது என்பதை மறவாதீர்.

ஒரு எச்சரிக்கை. "எந்த குரூப் ஆனாலும் பரவாயில்லை, பட்டப் படிப்பில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் தரகரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். தகுதியின்றிச் சேர்ந்தாலும், அங்கீகாரமற்ற கல்லூரியில் சேர்ந்தாலும், படிப்பு முடிந்த பின் செவிலியர் பதிவு கிடைக்காது; பதிவின்றிச் செவிலியராகப் பணிபுரிய இயலாது. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் நடப்பு ஆண்டுக்கு உண்டா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருக்குமாயின், இன்றே அதனை அருகில் அமர்த்திப் பேசுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை எண்ணி நீங்கள் முடிவு செய்யாமல், இரவுப் பணியும் இரத்தமும் மலமும் தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். ஊரில் பணியிலிருக்கும் ஒரு செவிலியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரைமணி நேரம் பேசட்டும். விருப்பம் உறுதியானால் உயிரியல் உள்ள குரூப்பை எடுக்கட்டும். ஜூன் மாதத்தில் ஒரு நாள் விசாரித்தால், பிள்ளையின் ஈராண்டு உழைப்பு வீணாகாது.