நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பாட்டு

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, மாணவர் சங்கத் தோழர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில், கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். ‘இன்டி ஃபோக்’ என்று வாலிபர்கள் அதற்குப் பெயர் சொல்கிறார்கள். பெரிய இசைக் கம்பெனிகளின் தயவு இல்லாமல், தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதாரைத் துணையாக வைத்துக்கொண்டு நாட்டுப்பாடல் பாணியில் பாடுவது என்று பொருளாம். அரங்கில் இருநூறு நாற்காலிகள். எழுந்து ஆடக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பாட வந்த இளைஞரின் பாட்டனார் மில் தொழிலாளி. மில் மூடப்பட்டுச் சங்கு நின்றுபோன பிறகும், கிழவர் அதே நேரத்துக்கு விழித்தெழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் அவருடைய ஒரு பாட்டின் விஷயம். மில் பகுதியில் பல வருஷம் கட்சி வேலை செய்தவன் நான். அப்படிப்பட்ட கிழவர்களை எனக்குத் தெரியும். கண் கலங்கிற்று என்பதை மறைப்பானேன்?

பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. மரியாதையான, அளவான கைதட்டல். பின்கதவருகே துடைப்பமும் வாளியும் வைத்துக்கொண்டு துப்புரவுத் தொழிலாளிப் பெண்கள் இருவர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர்களை உட்காரச் சொல்ல அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் தோன்றிற்று.

மறுநாள் கட்சி ஆபீஸில் இதைச் சொன்னேன். “மில் தொழிலாளியின் துயரத்தை ஏசி அறையில் உட்கார்ந்து ரசித்துவிட்டு வந்தீர்களாக்கும், தோழர்!” என்றார் மூத்த தோழர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கிண்டலில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி, நம் இயக்கத்தில் வெகுநாளாக வேரோடிப்போன தப்பெண்ணம். கல்லூரி அரங்கில் நாற்காலி போட்டுக் கேட்கிற பாட்டென்றால் அது மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிடுகிற எண்ணம். இதே மாதிரியான கல்லூரிக் கச்சேரி அமெரிக்காவில் வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால், தோழர்கள் இவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டார்கள்.

அந்தக் கதையில் முக்கியமானவர் பீட் சீகர். 1919ல் பிறந்து 2014ல் மறைந்தவர். ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பான்ஜோவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டவர். 1941ல் உட்டி கத்ரி முதலானவர்களோடு சேர்ந்து ‘ஆல்மனாக் சிங்கர்ஸ்’ என்ற குழுவாகத் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். கம்யூனிஸ்ட் கட்சியில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். பிற்பாடு விலகினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விலகியவன் என்று சொல்லி ஆளும் வர்க்கத்திடம் நற்சான்று வாங்கிக்கொண்டவர் அல்லர்.

1949 செப்டம்பர் 4ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் ஊருக்கருகே பால் ரோப்ஸனின் கச்சேரி. ஒரு வாரத்துக்கு முன் நடக்கவிருந்த கச்சேரியைக் காலிக் கும்பல் அடித்து நிறுத்திவிட்டது. இம்முறை தொழிற்சங்கத்தினர் மைதானத்தைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து அரணாக நின்றார்கள். கச்சேரி நடந்தது. சீகரும் பாடினார். கூட்டம் கலைந்து திரும்பும் வழியெல்லாம் கார்கள் மீதும் பஸ்கள் மீதும் கல்மாரி பொழிந்தது. சீகரின் காரில் மனைவியும் சின்னஞ்சிறு குழந்தைகளும் இருந்தார்கள். காருக்குள் வந்து விழுந்த கற்களை அவர் எறிந்துவிடவில்லை. தாம் கட்டிய வீட்டின் புகைபோக்கியில் பதித்து வைத்தார்.

மறு ஆண்டே, 1950ல், அவருடைய ‘வீவர்ஸ்’ குழுவின் ‘குட்நைட் ஐரீன்’ இசைத்தட்டு பதின்மூன்று வாரம் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. அந்தப் பாட்டை உலகுக்குத் தந்தவர், சிறைகளில் வாடிய கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி. அந்த வெற்றியைக் காணாமலே 1949 டிசம்பரில் இறந்துபோனார். முதலாளித்துவச் சந்தையின் லட்சணம் இது! வீவர்ஸின் கதையும் அதிக நாள் நீடிக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் என்று கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது. ரேடியோ மூடிற்று, டெலிவிஷன் மூடிற்று, கச்சேரிக் கூடங்களும் கதவடைத்தன.

1955 ஆகஸ்டு 18ந் தேதி அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் கமிட்டி முன் சீகர் நிறுத்தப்பட்டார். தன்மீதே குற்றம் வரும்படி சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அந்த வழியை அவர் நாடவில்லை. என் கொள்கை என்ன, யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்க எந்த அமெரிக்கனிடமும் உங்களுக்கு உரிமை கிடையாது, வேண்டுமானால் நான் பாடிய பாட்டுக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். கமிட்டிக்குப் பாட்டு வேண்டாம், பெயர்கள்தான் வேண்டும். 1961ல் சிறைத் தண்டனை என்று தீர்ப்பாயிற்று. 1962ல் அப்பீலில் அது ரத்தாயிற்று.

இந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு போட்டது எது? கல்லூரி அரங்குகள்தான்! மாணவர்கள் அழைத்தார்கள், ஊர் ஊராகப் போனார். உள்ளூர்ப் பிற்போக்காளர்கள் செய்தி அறிந்து ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் பாடி முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இதைக் கொரில்லா யுத்தம் என்றே அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

விசாரணை நடந்த அதே 1955ல், ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரிக் கச்சேரிக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான், பூக்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கும் அவருடைய புகழ்பெற்ற யுத்த எதிர்ப்புப் பாட்டு பிறந்தது. அதற்கு வித்து, ஷோலகோவின் டான் நதி நாவலில் வரும் கசாக்குத் தாலாட்டு. சோவியத் நாவலிலிருந்து குறிப்பெடுத்து, அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் வழியில் கட்டிய பாட்டு! அத்தோடு முடியவில்லை. ஓபர்லினில் படித்த ஜோ ஹிக்கர்சன் 1960ல் மேலும் அடிகளைச் சேர்த்தார். இன்று உலகம் பாடுவது அந்த முழுப் பாட்டைத்தான். சும்மா உட்கார்ந்து கேட்டவர்களா இவர்கள்?

உட்காருவதைப் பற்றி இன்னொன்று. 1960 பிப்ரவரி 1ந் தேதி, கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய சாப்பாட்டு மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழுந்திருக்கவில்லை. அப்போராட்டம் தெற்கு மாநிலங்களெங்கும் பரவி, ஏப்ரலில் மாணவர்கள் ஷா பல்கலைக்கழகத்தில் கூடித் தங்கள் அமைப்பை நிறுவினார்கள். அங்கே கை காரவான் ‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டைப் பாடிக் கற்றுக்கொடுத்தார். அது மாணவர் இயற்றிய பாட்டல்ல. 1945ல் சார்ல்ஸ்டன் நகரில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளிகளின் பாட்டு. மறியலில் நின்று பாடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஆலை வாசலில் பிறந்த பாட்டு கல்லூரி வழியாக நாடெங்கும் பரவியது.

நம் பாட்டை மட்டும் ஜனங்கள் நின்றுகொண்டா கேட்டார்கள்? 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் தோட்டத் தொழிலாளரிடையே பாடினாரே, அந்த ஜனங்கள் தரையில் உட்கார்ந்துதான் கேட்டிருப்பார்கள். உட்காருவதில் குற்றமில்லை. யார் உட்காருகிறார்கள், யார் கதவருகே நிற்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொரு குறையும் கண்டேன். சீகரின் கச்சேரியில் சும்மா இருக்க முடியாது. அடுத்த வரியை முன்கூட்டியே எடுத்துக்கொடுப்பார், ஒரு பக்கத்துக்கு ஒரு குரல் மறுபக்கத்துக்கு ஒரு குரல் என்று பிரிப்பார், பாடத் தெரியாதவனையும் பாட வைத்துவிடுவார். நான் போன கச்சேரியில் இருநூறு பேரும் ஆளுக்கொரு தீவாக இருந்தார்கள். நல்ல பாட்டு, நல்ல குரல். கூடப் பாடும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இந்தக் குறைகளைச் சொல்லி ஒதுங்கிவிடலாமா? நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. நான் போன கல்லூரியில் மாணவர் சங்கம் கூட்டம் நடத்த மூன்று முறை மனுக் கொடுத்து மூன்று முறையும் மறுக்கப்பட்டது. அங்கேதான் மூடிய மில்லைப் பற்றிய பாட்டு மைக் வைத்துப் பாடப்பட்டது. இந்தக் கதவு நமக்குத் தெரியவில்லை என்றால் தவறு யாருடையது?

சென்ற வாரம் அந்த இளைஞரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். பல்லவியைக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். “பாடச் சொன்னால் பாடுவார்களா, தோழர்? கூச்சப்படுவார்கள்” என்றார். “மில் லைனில் கூச்சப்பட மாட்டார்கள், வாருங்கள்” என்றேன். வருகிற மாதம் நம் தொழிற்சங்கக் கட்டடத்தில் பாடச் சம்மதித்திருக்கிறார். கிண்டல் செய்த தோழர்தான் வரவேற்புக் கமிட்டித் தலைவர். துப்புரவுத் தொழிலாளிப் பெண்கள் இருவரையும் நேரில் பார்த்துச் சொல்லியாயிற்று. சங்கத்தில் நாற்காலிகள் நாற்பதுதான் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஜமக்காளம் விரிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.