பிழை பொறுக்காத சோதனைகள்

இயற்பியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்ட கேள்வி, “சார், இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?” என்பதுதான். கேட்கிறவர் பெரும்பாலும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவராக இருக்க மாட்டார். பாடநூலில் இருப்பதை அப்படியே ஏற்க மனம் வராதவர்; தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அறிவியலுக்கு வேண்டியது அந்த மனம்தான். ஆகவே ‘ஆபத்து, செய்யாதே’ என்று ஒரே வரியில் அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வந்ததில்லை. அதே வேளையில், வீட்டுச் சோதனைகளில் உயிரிழந்தவர்களைப் பற்றித் தொடர்ந்து படித்துவருபவன் என்பதால், ‘ஆர்வத்தைத் தடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடவும் என்னால் இயலாது.

டேவிட் ஹான் என்ற அமெரிக்கச் சிறுவனின் கதையைத் தடை கோருவோரும் சுதந்திரம் கோருவோரும் எடுத்துக்காட்டுவதுண்டு. மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். 1960இல் வெளிவந்த ‘தி கோல்டன் புக் ஆஃப் கெமிஸ்ட்ரி எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ என்ற சிறுவர் நூல் அவரை வேதியியலுக்குள் இழுத்தது. சாரணர் இயக்கத்தில் அணுசக்திக்கான தகுதிச் சின்னமும் பெற்றார். பிறகு 1990களின் முற்பகுதியில், புகை உணர்விகளில் உள்ள அமெரிசியம், பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலில் உள்ள தோரியம், பழைய கடிகார முகப்பில் பூசிய ரேடியம் என்று சேர்த்து, தோட்டத்துக் கொட்டகையில் ஈனுலை என்ற வகை அணு உலை ஒன்றை அமைக்க முனைந்தார். உண்மையான உலைக்கு அவர் வெகுதொலைவில்தான் இருந்தார். ஆனால் கொட்டகை கதிரியக்கத்தால் மாசுபட்டது. 1995 ஜூனில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் பிரித்தெடுத்துப் பீப்பாய்களில் அடைத்து, யூட்டா மாநிலத்தில் கழிவாகப் புதைத்தது.

அணு உலை என்ற சொல்லிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு. ஹான் முதலில் வீட்டின் நிலவறையில்தான் சோதனை செய்துவந்தார். அங்கே ஒரு வெடிப்பில் காயமடைந்த பிறகு, இனி வீட்டில் கூடாது என்று தடை விழுந்தது. சோதனை நிற்கவில்லை, வேறு ஊரிலிருந்த தாயின் வீட்டுக் கொட்டகைக்கு, யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்குப் போயிற்று. அடுத்து, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அவர் தன்னை இயற்பியல் ஆசிரியராகச் சொல்லிக்கொண்டு கடிதம் எழுதி விவரங்களைப் பெற்றார். பள்ளி மாணவனாகவே கேட்டிருந்தால் பதில் வராது என்று நினைத்திருக்கிறார்; அந்த நினைப்பு தவறென்று எனக்குத் தோன்றவில்லை. இறுதியில் அவரைப் பின்வாங்க வைத்தது கெய்கர் கருவி. கொட்டகையிலிருந்து சில வீடுகள் தள்ளியும் அது கதிர்வீச்சைக் காட்டியபோது, பயந்துபோய்ச் சேர்த்தவற்றைக் கலைக்கத் தொடங்கினார்.

அந்தக் கருவி இல்லாதிருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. செய்து பார்த்து, தவறி, திருத்திக்கொள்வதே பழகுநர் அறிவியலின் வழி. தவறு நமக்குத் தெரியவரும், தெரிந்த பிறகு திருத்திக்கொள்ள நாம் இருப்போம் என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் அந்த வழி நிற்கிறது. நெருப்பு சுடுகிறது, அம்மோனியா மூக்கைத் துளைக்கிறது. விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கதிர்வீச்சுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உயர் மின்னழுத்தத்துக்கும் அப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறதா என்று பார்த்து நாம் சோதனைகளைத் தரம் பிரிக்கிறோம். பார்க்க வேண்டியது, முதல் தவறு நமக்கு எதையாவது கற்றுத்தருமா, அல்லது அதுவே கடைசித் தவறாகுமா என்பதை.

அமெரிக்காவில் பரவிய ஒரு கைவேலை இதற்குச் சான்று. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மரைக் கொண்டு மரப்பலகையில் மின்னல் கிளைகளைப் போன்ற கோலங்களை எரித்து வரைவது. பார்க்க மிக அழகானது. கருவியோ சமையலறைப் பொருள். இதில் 30க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் 2017இல் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடைசெய்தது. அந்த டிரான்ஸ்பார்மர் ஏறத்தாழ 2,000 வோல்ட் தருகிறது. இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியர் போதும். பெருக்கிப் பார்த்தால் 200 வாட். இரண்டு மூன்று மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரம்தான். ஒரு மனிதர் இறந்துகொண்டிருக்கும்போது வீட்டு ஃபியூஸுக்கு அது வழக்கமான பயன்பாடாகவே தெரியும். கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனமும் உதவாது. கசிவு டிரான்ஸ்பார்மரின் மறுபுறச் சுற்றில் நடப்பதால், வீட்டு இணைப்பில் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாகவே இருக்கும். ‘டிரிப் ஆகிவிடும், பயமில்லை’ என்று நம்பிக் கை வைக்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

பழகுநர்கள்தான் ஆபத்தானவர்கள், நிபுணர்கள் பத்திரமானவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. 1753இல் இடிமழையின்போது வீட்டுக்குள் நிறுவிய கம்பியில் வானத்து மின்சாரத்தை அளக்க முயன்று இறந்த கியோர்க் ரிச்மன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். 2010இல் தில்லி மாயாபுரியில் ஒருவர் உயிரிழந்ததும் பலர் பாதிக்கப்பட்டதும், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று கோபால்ட்-60 அடங்கிய கருவியைப் பழைய இரும்போடு ஏலத்தில் விட்டதால். பட்டம் இருப்பதால் புலன்கள் கூர்மையாகிவிடுவதில்லை. நிபுணருக்குள்ள சாதகமெல்லாம், அளக்கும் கருவியும் பக்கத்தில் கேள்வி கேட்க இன்னொருவரும் இருப்பதுதான். அவையிரண்டும் தவறிய இடத்தில் அவரும் பழகுநரே.

சரி, என்ன செய்யலாம்? 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபின், உலோகக் குழாய்களில் எரிபொருளை அடைத்து ராக்கெட் விட முயன்ற சிறுவர்கள் அமெரிக்கா முழுவதும் பெருகினர். விரல்களும் கண்களும் போயின. ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்த ஜி. ஹாரி ஸ்டைன் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இந்த ஆபத்தைப் பற்றி ஓர் இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்த ஆர்வில் கார்லைல் என்ற நெப்ராஸ்காச் செருப்புக்கடைக்காரர், தாம் செய்த காகித ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் மாதிரி ராக்கெட் இயக்கம். எரிபொருளைக் கலப்பதும் அடைப்பதும் தொழிற்சாலையின் வேலையாயின. உடல் காகிதமும் பால்சா மரமும். தீ வைப்பது மின்கம்பி வழியாக, எட்ட நின்று. வடிவமைப்பு, துடுப்பு, நிலைத்தன்மை, பாராசூட் ஆகியவை சிறுவர்களிடமே இருந்தன. அவற்றில் தவறினால் ராக்கெட் கோணலாகப் பறக்கும். கணக்கைத் திரும்பப் போட வேண்டும். தவறு கொல்லும் பகுதியையும் தவறு கற்பிக்கும் பகுதியையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்ற நிலக்கரி ஊரில் ஹோமர் ஹிக்கமும் நண்பர்களும் அதே ஆண்டுகளில் எரிபொருளைத் தாமே கலந்தார்கள், உலோகத்தில் ராக்கெட் செய்தார்கள், 1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு வென்றார்கள். ஹிக்கம் பின்னாளில் நாசா பொறியாளர். ஆபத்தை எடுத்துவிட்டால் அந்த வேட்கை பிறக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இழப்பு கொஞ்சம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆயினும் பிழைத்தவர்கள்தான் நினைவுக்குறிப்பு எழுதுகிறார்கள். மேலும், கோல்வுட் சிறுவர்கள் தனித்து இல்லை: சுரங்கப் பட்டறையின் கடைசல் தொழிலாளர்கள் பாகங்களைச் செய்து தந்தார்கள், ஓர் ஆசிரியை நூல் கொடுத்து ஊக்கினார். ஹானுக்கு அப்படி ஒருவரும் அமையவில்லை.

நம் பள்ளிகளைப் பார்க்கிறேன். ஊசலின் அலைவு நேரம் என்ன வரும் என்பது ரெக்கார்டு நோட்டில் முன்பே எழுதியிருக்கிறது. உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்பு வரும் என்பது தேர்வுக்கு முன்பே கசிகிறது. விடை தெரியாத சோதனை ஒன்றைக்கூடச் செய்யாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிற மாணவருக்கு, காணொளியில் சீறும் தீப்பொறிதான் உண்மையான அறிவியலாகத் தோன்றும். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து, மாணவர் கொண்டுவரும் கேள்வியை ஆசிரியர் முன்னிலையில் சோதிக்கவிட வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், ஆசிரியர்கள் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?” நியாயமான கேள்வி. விதிகளைக் கடைப்பிடித்துச் சோதனைக்கு இடமளித்த ஆசிரியர், விபத்து நேர்ந்தால் தனியே விடப்பட மாட்டார் என்ற உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும். அது இல்லாதவரை அக்கறையுள்ள ஆசிரியரும் ஆய்வகத்தைப் பூட்டித்தான் வைப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

- கட்டுரையாளர், இயற்பியல் பேராசிரியர் (ஓய்வு).