பெட்ரோல் விலையும் பேருந்துப் பற்றும்

பேருந்தின்மீது நமக்குள்ள பற்று பெட்ரோல் விலையோடு ஏறி, அதனோடே இறங்கிவிடுவது. 2021 ஜூலையில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோது, பொதுப் போக்குவரத்தின் அருமையைப் பேசாதவர் இல்லை. ஆகஸ்டில் மாநில வரி 3 ரூபாய் குறைந்தது. நவம்பரில் மத்தியக் கலால் வரி 5 ரூபாய் குறைந்தது. பேச்சும் அடங்கிற்று.

வரவுக்கேற்பச் செலவிடுவது குடும்பப் பொறுப்பன்றோ என்பீர்கள். பொறுப்புதான். ஆயினும் எரிபொருள் விலை நம் வண்டியை மட்டுமா தாக்குகிறது? 2013இல் மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் மானியம் நிறுத்தப்பட்டு, லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடியது. அரசுப் பேருந்துகள் பணிமனையை விட்டுச் சாலையோர பங்குகளில் நின்று டீசல் நிரப்பிக்கொண்டன. 2022 மார்ச்சிலும் மொத்தக் கொள்முதல் விலை மட்டும் 25 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஆக, நாம் பேருந்தை நாடும் காலமே அதை ஓட்டுவது பெருஞ்சுமையாகும் காலமும் ஆகிறது. விலை தணிந்து போக்குவரத்துக் கழகம் சற்றே மூச்சுவிடும் வேளையில், பயணச்சீட்டு வாங்க வேண்டிய நாம் வண்டியேறிப் போய்விடுகிறோம்! 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோதும் அவ்வாறே. வாங்க முடிந்தவர் வண்டி வாங்கினர். முடியாதவர் கூடுதல் கட்டணம் கொடுத்து நின்றுகொண்டே பயணம் செய்தனர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கென அன்று அறிவிக்கப்பட்ட மானியம் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய். “எங்கள் வரிப்பணம் வீணாகிறது” என்று முகஞ்சுளித்த நண்பர்கள் எனக்குண்டு. மூன்று மாதம் கழித்துப் பெட்ரோல் வரி குறைந்ததே, அதனால் அரசுக்கு ஆண்டு இழப்பு 1,160 கோடி என்று நிதிநிலை அறிக்கை கூறிற்று. அது யாருடைய பணம் என்று அந்நண்பர்களுள் ஒருவரும் கேட்கவில்லை. தம் வண்டித் தொட்டியில் விழுந்தால் நிவாரணம். கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைத்தால் இலவசம்!

சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த இரவு நடை நின்றுபோனது. நகரத்தில் துணிக்கடை வேலை முடித்துத் திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு அதுவே துணை. மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகச் சென்றேன். வாசலில் வண்டி நின்ற வீடுகளில், “நாங்கள் அதில் போவதில்லையே, சாமி” என்றார்கள். அவர்களுள் இருவர், பெட்ரோல் நூறைத் தொட்ட காலத்தில் அதே பேருந்தில் எனக்கு இடம்பிடித்துக் கொடுத்தவர்கள். கையெழுத்து முப்பத்தொன்று சேர்ந்தது, பதினொன்று கைரேகை. நடை இன்னும் வரவில்லை.