ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு இசைப்பெட்டி... ஆனால், சத்தமே வராது!

பிள்ளைக்கு இசையில் ஆர்வம் வந்துவிட்டது என்று தெரிந்ததும், பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி 'கீபோர்டு என்ன விலை?' என்பதுதான். கம்ப்யூட்டரில் இசையமைக்க உதவும் மிடி கீபோர்டுகளின் விலை சில ஆயிரங்களில் தொடங்குகிறது. 'நாலு மாசத்துல ஆர்வம் போயிட்டா என்ன பண்றது?' என்ற தயக்கத்தில் பேச்சு அத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

அப்படியொரு கருவியை வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம். உதிரி பாகங்களுக்கான செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கம்ப்யூட்டரில் வேண்டிய மென்பொருளோ இலவசம்.

எண்களை அனுப்பும் பெட்டி

மிடி கன்ட்ரோலரைத் தனியாக வைத்துக்கொண்டு எத்தனை முறை தட்டினாலும் ஓசை வராது. அது கம்ப்யூட்டருக்கு எண்களை மட்டுமே அனுப்பும். ஒரு பட்டனை அழுத்தினால் மூன்று எண்கள் போகும். முதலாவது, 'ஒலியைத் தொடங்கு' என்ற கட்டளை. இரண்டாவது, எந்த ஸ்வரம். மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது. பின்னிரண்டும் 0 முதல் 127 வரை இருக்கும். பியானோவின் நடுவில் உள்ள 'சி'யின் எண் 60. அந்த 60 வயலினாக ஒலிப்பதா, புல்லாங்குழலாக ஒலிப்பதா என்று முடிவு செய்வது கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள்.

இந்த மொழி 1983-ல் உலகுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் தயாரித்த சிந்தசைசரும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்து சிந்தசைசரும் ஒயரால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க, மற்றொன்றும் சேர்ந்து ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் கைகோத்து உருவாக்கிய இந்த முறையைப் பயன்படுத்த, யாரும் யாருக்கும் உரிமைத்தொகை கட்டத் தேவையில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 2013-ல் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அன்று அவர்கள் கதவைப் பூட்டியிருந்தால், இன்று இந்த ஆயிரம் ரூபாய் பெட்டிக்கு வழியே இருந்திருக்காது.

என்னென்ன வேண்டும்?

பெட்டியின் மூளை, ராஸ்பெர்ரி பை பிகோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமான குட்டி போர்டு. அத்துடன் 13 புஷ் பட்டன்கள், '10கே' வால்யூம் கன்ட்ரோல் இரண்டு, கொஞ்சம் ஒயர், ஒரு யு.எஸ்.பி கேபிள், ஒரு பிளாஸ்டிக் டப்பா. தகர டப்பா வேண்டாம், ஷார்ட் சர்க்கியூட் ஆகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் ஆன்லைனிலும் இவை கிடைக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள், பின்கள் பொருத்தியே வரும் 'பிகோ ஹெச்' வாங்கி பிரெட்போர்டில் செருகிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பட்டனின் ஒரு காலும் போர்டின் தனித்தனி பின்னுக்குப் போகும். மறுகால்கள் எல்லாம் சேர்ந்து 'கிரவுண்டு'க்கு. வால்யூம் கன்ட்ரோலின் ஓரக்கால்கள் இரண்டில் ஒன்று 3.3 வோல்ட்டுக்கும், மற்றொன்று கிரவுண்டுக்கும், நடுக்கால் அனலாக் பின்னுக்கும் செல்ல வேண்டும். ஒயரிங்கில் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். போர்டில் 5 வோல்ட் வரும் பின்னும் உண்டு. தவறி அதில் இணைத்தால், பிகோ பழுதாகிவிடலாம்.

அடுத்து புரோகிராம். 'சர்க்கிட்பைத்தான்' என்ற இலவச மென்பொருளை பிகோவில் ஏற்றினால், அது பென்டிரைவ் போலக் கம்ப்யூட்டரில் தெரியும். புரோகிராமை அதில் சேமித்தால் போதும். பைத்தான் அரிச்சுவடி தெரிந்த பள்ளி மாணவர்களே எழுதிவிடலாம். தனியாக டிரைவர் எதுவும் போடாமலே கம்ப்யூட்டர் அதை மிடி கருவியாக அடையாளம் கண்டுகொள்ளும்.

அங்கேதான் தொடங்கும் வேடிக்கை

முதல் நாளே இரண்டு குறும்புகள் தலைகாட்டும். பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒலி இரண்டு, மூன்று முறை கேட்கும். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒட்டும் முன் சில மில்லி விநாடிகள் துள்ளுவதே காரணம். முதல் தொடுதலை உடனே ஏற்று, அடுத்த 10 மில்லி விநாடிகளுக்கு வருவதைப் பொருட்படுத்தாதே என்று புரோகிராமில் எழுதினால் சரியாகிவிடும். இன்னொன்று, தொடாமலே வால்யூம் கன்ட்ரோல் எண்களை அனுப்பிக்கொண்டே இருப்பது. சின்னச் சின்ன மாற்றங்களைப் புறக்கணிக்கச் சொன்னால் அதுவும் அடங்கிவிடும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சாதாரண பட்டனுக்கு மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒன்றுதான். கடை கீபோர்டில் பொதுவாக ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். இரண்டையும் தொட ஆகும் நேரத்தை வைத்தே அது வேகத்தைக் கணக்கிடுகிறது. பியானோ தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இந்தப் பெட்டி போதாது. மெட்டுப்போடவும் தாளம் அமைக்கவும் தாராளமாகப் போதும்.

இலவச மென்பொருள்கள்

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் 'எல்.எம்.எம்.எஸ்', பாட்டு அமைக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. தாளத்துக்கு 'ஹைட்ரஜன்', விதவிதமான ஒலிகளுக்கு 'சர்ஜ் எக்ஸ்.டி'. மூன்றுமே ஓப்பன் சோர்ஸ். தட்டியதற்கும் கேட்பதற்கும் இடைவெளி தெரிந்தால், பெரும்பாலும் பெட்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் 'பஃபர்' அளவை 1024-லிருந்து 256-க்குக் குறைத்தால், அதனால் வரும் தாமதம் சுமார் 21 மில்லி விநாடியிலிருந்து 5-ஆகக் குறையும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில், ஓ.டி.ஜி கேபிள் மூலம் ஆண்ட்ராய்டு போனிலும் பெட்டியை இணைக்கலாம். ஆண்ட்ராய்டு 6 முதலே மிடி வசதி அதில் உண்டு.

கைக்கேற்ற கருவி

விலை குறைவு என்பது இதில் பாதி லாபம்தான். கடையில் வாங்கும் கீபோர்டு, பியானோவின் வரிசையில்தான் இருக்கும். சொந்தப் பெட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கர்னாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு 12 ஸ்வரஸ்தானங்களையும் மேல் ஸட்ஜத்தையும் 13 பட்டன்களில் அடுக்கலாம். புரோகிராமில் ஸட்ஜத்தின் எண்ணை 60-லிருந்து 55 ஆக்கினால், ஒரு கட்டை சுருதி ஐந்து கட்டையாகிவிடும். ஒரு வால்யூம் கன்ட்ரோலை ஸ்வரத்தை வளைக்கும் வேலைக்கு ஒதுக்கினால், கமகத்தை முயன்று பார்க்கலாம்.

விரல்கள் சரியாக ஒத்துழைக்காத ஒருவருக்கு, உள்ளங்கை அகலப் பட்டன்கள் நான்கை மட்டும் வைத்துச் செய்யலாம். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு, இன்னொரு கையின் வேலையைக் காலால் மிதிக்கும் பட்டனுக்கு மாற்றலாம். ஆயிரக்கணக்கில் தயாராகும் கருவி இப்படி ஒருவருக்காக மாறாது. 'உன்னால் வாசிக்க முடியாது' என்று ஒதுக்கப்பட்டவருக்கு, அவருடைய கையை அளந்து செய்த கருவி கிடைப்பதன் மதிப்பை விலைச்சீட்டில் பார்க்க முடியாது.

ஆர்வம் நான்கே மாதத்தில் போய்விட்டாலும் நஷ்டம் இல்லை. பிகோவைக் கழற்றி, செடிக்குத் தண்ணீர் விடும் கருவிக்கோ பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ பயன்படுத்தலாம்.

முதல் நாளே பதின்மூன்று பட்டன்களையும் இணைக்க வேண்டியதில்லை. ஒரு பட்டன், இரண்டு ஒயர், ஒரு 'ஸ' போதும். அது ஒலித்துவிட்டால், மிச்சம் பன்னிரண்டையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.