கல் ஊன்றாத பாகம்

பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் படித்தால் அதன் துல்லியத்தில் யாரும் மயங்கித்தான் போவார்கள். 'ஏ' ஷெட்யூல் அண்ணனுக்கு, 'பி' ஷெட்யூல் தம்பிக்கு, 'சி' ஷெட்யூல் தங்கைக்கு. வடக்கில் இன்னாருடைய மனை, தெற்கில் தெரு, கிழக்கில் 'பி' ஷெட்யூல் சொத்து என்று செக்குபந்தி. இதன் மத்தியில் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அங்குலம் பிசகாத அளவு. அந்த அங்குலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல பத்திரங்களில் தாய்ப்பத்திரத்தில் இருந்த அளவைப் பாகஸ்தர்களின் எண்ணிக்கையால் வகுத்ததுதான் அது. மனையில் யாரும் டேப் பிடித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையைப் பிரிக்கிற வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம். முதலில் பத்திரம், பிறகு பட்டாவுக்கு மனு, கடைசியில் சர்வேயர் என்று இப்போது போகிறோம். அளந்து உட்பிரிவு வரைபடம் தயாரான பிறகே பத்திரத்தைப் பதியலாம் என்று விதி வர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தெருவோரம் 40 அடி, உள்ளே 60 அடி. மொத்தம் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 அடி 4 அங்குல முகப்பு, 800 சதுர அடி. பத்திரமும் அப்படியே பதிவாகிறது. பிறகு சர்வேயர் வந்து அளக்கும்போது மனையின் முகப்பு 39 அடிதான் தேறுகிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ சுவரை நகர்த்தியிருக்கலாம், அல்லது மூலப்பத்திரம் எழுதியபோதே குத்துமதிப்பாக எழுதியிருக்கலாம். மேற்கிலிருந்து அளந்து வந்தால் முதல் இருவருக்கும் எழுதியபடி கிடைத்துவிடும். கடைசியில் நிற்பவருக்கு 12 அடி 4 அங்குலம். சதுர அடியில் 740. கிழக்கிலிருந்து அளந்தால் அண்ணனுக்குக் குறையும். குறையும் ஓரடியை யார் தலையில் கட்டுவது? பதிவான பத்திரத்தில் இதற்குப் பதில் இல்லை. மூவருக்குமே 13 அடி 4 அங்குலம் கொடுத்துவிட்டதாக அது சொல்கிறது. பதிவுக்கு முன்பே அளந்திருந்தால் ஆளுக்கு 13 அடி என்று ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பதிவுக்குப் பிறகு அது வழக்கு.

இப்படி நடப்பதற்குக் காரணம் தனி மனிதர்களின் கவனக்குறைவு அல்ல. பத்திரம் பதிவுத்துறையின் வேலை, பட்டா வருவாய்த்துறையின் வேலை. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இருந்தால் போதும் என்கிறது. வரைபடத்தை எல்லாப் பத்திரத்துக்கும் கட்டாயமாக்கவில்லை. ஆகவே சார்பதிவாளர் பார்ப்பது காகிதத்தை; மனையில் அந்த அளவு இருக்கிறதா என்பது அவர் கவலை இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ காகிதத்தில் எழுதிய அளவு புலப்படத்தோடு பொருந்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுகிற குடும்பத்துக்குக் கிடைப்பது கூட்டுப்பட்டா. பத்திரப்படி பிரிந்தவர்கள், வருவாய்க் கணக்கில் ஒரே எண்ணின் கீழ் வரிசையாகப் பெயர் எழுதப்பட்டு இன்னும் கூட்டுக் குடும்பமாக இருப்பார்கள். ஒருவர் வங்கிக்கடன் கேட்டாலும், கட்டட அனுமதிக்குப் போனாலும், சாலைக்கு நிலம் எடுத்து அரசு இழப்பீடு கொடுக்க வந்தாலும் மற்றவர்களின் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தாய்ப்பத்திரத்தின் அளவை நம்பினால் என்ன என்று கேட்கலாம். அந்த அளவு எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்று பார்த்தால் நம்பிக்கை குறைந்துவிடும். பழைய பத்திரம் சென்ட் கணக்கில் இருக்கும், நடுவில் வந்தது சதுர அடியில், பட்டாவோ ஹெக்டேர், ஏர் கணக்கில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் சுமார் 1,076 சதுர அடி. ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் தசமப் புள்ளிக்குப் பின்னால் வந்ததை வெட்டியிருப்பார். வயலில் இது வரப்போடு போகும். பதின்மூன்று அடி மனையில் சுவர் நிற்கும் இடமே மாறிவிடும். இது போதாதென்று 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 'யூ.டி.ஆர். பிழை' என்று தாலுகா ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் அடிபடுகிற சொல் அந்தத் திட்டம் விட்டுப்போன சொத்து. பெயர் மாறியது, பரப்பு மாறியது, ஒருவர் நிலம் இன்னொருவர் எண்ணில் ஏறியது என்று அதன் தவறுகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்னும் ஓயவில்லை. கிராம நத்தத்து வீடுகளின் குழப்பம் தனிக் கதை.

நான் சொல்லும் வரிசை புதிதொன்றும் அல்ல. சண்டை போட்டுக்கொண்டு நீதிமன்றம் போகிற குடும்பத்துக்கு இது ஏற்கெனவே கிடைக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் சொல்லும்: மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று. எந்தப் பக்கம், எத்தனை அடி என்று அதில் இருக்காது. அதன் பிறகு வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அவர் சர்வேயரோடு இடத்துக்குப் போய் அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுக்கிறார். பாகஸ்தர்கள் ஆட்சேபணை சொல்லலாம். அதையெல்லாம் கேட்ட பிறகே இறுதித் தீர்ப்பாணை வருகிறது. பங்கு வேறு, இடம் வேறு என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றுமையாகப் பிரிந்துகொள்ள வருகிற குடும்பத்துக்கு மட்டும் அந்த நடுப்படி இல்லை. அவர்கள் பங்கை எழுதி, அதையே இடம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த முரண் எனக்கு விந்தையாகவே படுகிறது.

பங்குதாரர்களின் எண்ணிக்கை கூடியிருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ம் பிரிவு ஒரு காலத்தில், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசுகள் பாகம் கேட்க முடியாது என்று வைத்திருந்தது. 2005-ம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே, அதுவும் அப்போது திருமணமாகாத பெண்களுக்கு மட்டும், வந்தது. 2005 அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்தது. நியாயமான மாற்றங்கள், வெகு தாமதமாக வந்தவை. இதன் விளைவாக முன்பு இரண்டாகப் பிரிந்த மனை இப்போது நான்காகவோ ஐந்தாகவோ பிரிகிறது. 20 அடி முகப்பில் அரை அடி தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். 10 அடி முகப்பில் அரை அடி என்பது சைக்கிள் நுழையுமா நுழையாதா என்கிற விஷயம். குறைகிற பக்கம் 'உனக்குத்தான் புகுந்த வீடு இருக்கிறதே' என்று தங்கை பக்கமாகவே தள்ளப்படும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். முதலாவது, யாரும் உடனே எழுப்பக்கூடியது: சர்வேயர் வர மாதக்கணக்காகும், அதற்குள் மனம் மாறிவிடும், போதாக்குறைக்கு லஞ்சத்துக்கு இன்னொரு கதவு திறக்கும். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சர்வேயர் இப்போதும் வந்துதான் ஆக வேண்டும். தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு செய்யாமல் வழியில்லை. அந்த ஒரு வருகையைப் பத்திரத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவே. இதில் ஒரு லாபமும் உண்டு. முழுப் புல எண்ணையோ முழு உட்பிரிவையோ அப்படியே கைமாற்றினால், பட்டா கொடுப்பவர் பெயரிலேயே இருக்கும்பட்சத்தில், பதிவு முடிந்ததும் பெயர் தானாக மாறும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. பாகம் பிரிப்பவர்களுக்கு அது கிடைக்காததற்குக் காரணம் அவர்களிடம் உட்பிரிவு எண் இல்லாததே. எண் முதலிலேயே இருந்தால் அவர்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். லஞ்ச விஷயத்தில் யாருக்கு எப்போது நெருக்கடி என்று யோசிக்க வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டி முடித்தவர் வேறு வழியில்லாமல் நிற்கிறார். இன்னும் பதியாதவர் காத்திருக்கலாம், மேல்முறையிடலாம், பிரிக்காமலே விடலாம். அடுத்த மாநிலத்தைப் பார்த்தால், கர்நாடகத்தில் விவசாய நிலத்தின் சர்வே எண்ணில் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால் '11-இ ஸ்கெட்ச்' என்கிற அளவை வரைபடம் பதிவுக்கு முன்பே வேண்டும். அரசு சர்வேயர்கள் போதாததால் உரிமம் பெற்ற தனியார் நில அளவர்களையும் அங்கே பயன்படுத்துகிறார்கள். தாமதப் புகார்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் வயலுக்கு முடிகிறது என்றால் மனைக்கு முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நம் பதிவுத்துறையே 2023-லிருந்து சொத்தின் புகைப்படத்தைப் புவியிடக் குறியீட்டோடு பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறது. படம் கேட்கத் தெரிந்த இடத்தில் வரைபடம் கேட்பது பெரிய தாவல் அல்ல.

வழக்கறிஞர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபணை வேறு. பட்டா உரிமை ஆவணமே அல்ல, வருவாய்க் கணக்குதான். நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன, பத்திரம் இருக்கும்போது உட்பிரிவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்பார்கள். சட்டப்படி சரி. பத்திரம்கூட இந்தியாவில் முடிவான உரிமையைத் தருவதில்லை. பரிவர்த்தனை நடந்ததற்குச் சான்று, அவ்வளவுதான். 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் அரசே பதிவேட்டைக் காட்டி 'இவர்தான் உரிமையாளர்' என்று உத்தரவாதம் கொடுக்கிறது. அங்கே அளவை வரைபடம் இல்லாமல் மனையைப் பிரித்துப் புதிய உரிமைப் பத்திரம் வாங்க முடியாது. நமக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் இல்லாத நாட்டில் எல்லை தெளிவாக இருப்பது இன்னும் அவசியம் என்றே நான் இந்த வாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பத்திரம் யாருடையது என்று சொல்லும், எதுவரை என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

என்னைச் சற்று யோசிக்க வைத்த ஆட்சேபணை மூன்றாவது: பங்காளிகள் சமாதானமாக இருக்கும் வீட்டுக்குள் செயினும் கல்லுமாக சர்வேயரை அழைத்து வந்தால் இல்லாத சண்டை முளைக்கும். முளைக்கலாம். ஆனால் அளக்காமல் காப்பாற்றிய சமாதானம் அந்தத் தலைமுறையோடு முடிகிறது. ஒன்றாக வளர்ந்தவர்கள் அரை அடியை விட்டுக்கொடுப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் தன் பாகத்தை வெளியாளுக்கு விற்றதும், வாங்கியவர் முதல் வேலையாக டேப்போடு வருவார். 'இந்தச் சுவர் பொதுச்சுவர் என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும்' என்பது அவரிடம் எடுபடாது.

அளவை முன்னால் வந்தால் இன்னொன்றும் முன்னாலேயே தெரிந்துவிடும்: பிரிக்கவே முடியாத வீடுகள். மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் தெருவிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி போல நீளும் வீடுகளை நீளவாக்கில் வகுந்தால் ஆளுக்கொரு நடைபாதைதான் மிஞ்சும். குறுக்கே பிரித்தால் பின்பாகத்துக்காரருக்குத் தெருவுக்கு வழியில்லை. வழி இல்லாமல் பாகத்தை அனுபவிக்க முடியாது என்றால் மற்றவர் பாகத்தின் ஊடே போக உரிமை உண்டு என்று 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா என்பதைப் பாகஸ்தர்கள் எழுதி வைக்காவிட்டால் அதற்கும் நீதிமன்றம்தான். கிணறு, செப்டிக் டேங்க், மாடிப்படி இவையும் வகுத்தலுக்கு மசியாதவை. இத்தகைய சொத்துக்கு 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டமே வேறு வழி காட்டுகிறது: நியாயமாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டால், பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்கும்போது, விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். வரைபடத்தை முதலில் பார்த்த குடும்பம் அந்த முடிவுக்கு வழக்கில்லாமலே வர முடியும். ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பணம் வாங்கி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது, பத்தடி அகலத்தில் நான்கு முட்டுச்சந்துகளை உருவாக்குவதைவிட மேல்.

குடும்பத்தார் பத்திரம் பதியத் தயங்கக் கூடாது என்பதற்காகத்தான் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2023-ல் அது ஒரு பாகத்துக்கு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. அந்தச் சலுகையோடு அளவை வரைபடத்தையும் நிபந்தனையாகச் சேர்ப்பது அரசுக்குச் சிரமமான காரியம் இல்லை. விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. பத்திர எழுத்தரிடம் போகும் முன்பு எல்லாரும் நிற்க மனையை அளந்து, சுவர், வழி, கிணறு எல்லாம் குறித்த வரைபடத்தில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு இணைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஏற்கெனவே அளக்காமல் பதிந்தவர்களுக்கு மிஞ்சியிருப்பது பிழைதிருத்தல் பத்திரம். அதில் எல்லாப் பாகஸ்தர்களும் கையெழுத்துப் போட வேண்டும்; வெளிநாட்டில் இருப்பவர் பவர் அனுப்ப வேண்டும்; ஒருவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரும் வர வேண்டும்.